உறுமிக்கொண்டு நின்ற மோட்டார்

புரட்டாசி 21, செவ்வாய்

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை, புழுக்கம்தான். ஆயுத பூஜை முடிந்து ஐந்து நாள் வெளியே கதவு மாட்டும் வேலை. இன்றுதான் பட்டறை திறந்தோம். அகரத்துக்காரர் வீட்டு வாசல் நிலை, வேங்கை மரம். சனிக்குள் கொடுத்தாக வேண்டும்.

அறுவை மெஷின் பொத்தானை அமுக்கினால் உறுமுகிறது. வாள் சுற்றவில்லை. சனியன்.

பார்த்தவை:
– கரண்ட் வருகிறது.
– பெல்ட்டைக் கழற்றியும் அதே உறுமல்.
– கையால் சுற்றினால் லேசாகச் சுற்றுகிறது. பேரிங் நல்லாத்தான் இருக்கு.
– நான்கு உதை. என் கால் நகம் கறுத்ததுதான் மிச்சம்.

பெல்ட்டை மறுபடி மாட்டியதும் தம்பி பாண்டி ஒரு ரீப்பர் சட்டத் துண்டால் வாளைத் தள்ளிவிட்டான். சட்டென்று பிடித்து ஓடியது. துண்டு பறந்து என் தாடையை உரசிப் போனது. அவன் கை போயிருக்கும், எருமை.

அணைத்தேன். வாள் நிற்கும்வரை பாண்டி இடது காதைச் சாய்த்துக் கேட்டான். எப்போதும் அப்படித்தான்.

"அண்ணே, நிக்கிறதுக்கு முன்னாடி உள்ள டிக்னு ஒரு சத்தம் வருமே. அது வரல."

"மோட்டாருக்கு நாடி பாக்குறியாலே?"

அந்தச் சத்தம் எனக்கு ஒரு நாளும் கேட்டதில்லை. என் கணிப்பு: போன மாதம் ஈர வேம்பைக் கொடுத்து இவன்தான் திணறடித்தான். கெப்பாசிட்டர் போச்சு.

22, புதன்

வெயில். புது கெப்பாசிட்டர். அதே உறுமல். ஸ்பேனரை வீசினேன், டியூப்லைட் காலி. தரையெல்லாம் கண்ணாடி. கூட்டவில்லை.

11 மணி. அகரத்துக்காரர் வந்து நின்றார். "என்னப்பா, மரம் மரமாவே கெடக்கு?"

பாண்டியைக் காட்டினேன். "ஈர வேம்ப அறுத்து மோட்டாரக் கொன்னுட்டாண்ணே."

அவன் தலை நிமிராமல் சொன்னான். "பூசைக்கு மெஷினக் கழுவுறேன்னு ஓஸ் பைப்ப வச்சு மோட்டார் மேல தண்ணி அடிச்சது யாருண்ணே? வேணாம்னு சொன்னேன்ல."

வெளி ஆள் முன்னால். கை தானாகப் போனது. இடது காதோடு சேர்த்து ஓர் அறை. கண்ணாடிச் சில்லு மேலேயே விழுந்தான். எழுந்தவனுக்கு இன்னொன்று, அதே இடத்தில். மூன்றாவதுக்கு ஓங்கியபோது அகரத்துக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். "மனுசனாய்யா நீ? விடுய்யா."

பாண்டியின் முழங்கையில் ரத்தம். சட்டையை மாட்டிக்கொண்டு போனான். உளிப் பெட்டியைக்கூட எடுக்கவில்லை.

உள்ளதைச் சொன்னால், அடித்த நிமிஷம் சுகமாக இருந்தது. பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை.

வீட்டில் வெறும் சோறு, வெஞ்சனம் இல்லை. என் பெண்டாட்டி வள்ளிக்கு விஷயம் எட்டிவிட்டது. தட்டை வைத்த சத்தம்தான் பேச்சு.

23, வியாழன்

மோட்டாரை வண்டியில் கட்டிக்கொண்டு ரபீக் பாய் கடைக்கு. காயில் கட்டுபவர். "காயில் நல்லாத்தான்யா இருக்கு" என்று பின்மூடியைத் திறந்தார்.

உள்ளே ஒரு சின்ன சுவிட்ச். மோட்டார் நிற்கும்போது தானாக மூடிக்கொள்ள வேண்டுமாம். மூடினால்தான் அடுத்த தடவை கிளம்பும். துருவும் சந்தனமுமாக அப்பிக் கிடந்தது. குங்குமமும். பூசையன்று மோட்டார் மேல் நான் மூன்று விரலால் இழுத்த பட்டை, நான் அடித்த தண்ணீர்.

"யாருய்யா மோட்டாரக் குளிப்பாட்டுனது?"

"தம்பி செஞ்சிருப்பான் பாய்."

அங்கேயும் பொய். த்தூ.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஓட்டிக் காட்டினார். அணைத்தார். டிக். இப்போது எனக்கே கேட்டது.

வள்ளி போன் செய்தாள். பாண்டியை அவன் பெண்டாட்டி காது டாக்டரிடம் கூட்டிப் போனாளாம். செவிப்பறை கிழிந்திருக்கிறது. தானாக மூடலாம், மூடாமலும் போகலாம். "சந்தோசமா?" என்று கேட்டு வைத்துவிட்டாள்.

பட்டறையில் வலது கையை மரம் இறுக்கும் வைஸில் கொடுத்து முறுக்கினேன். இரண்டு சுற்று. மூன்றாவதுக்குத் தைரியம் இல்லை. அடுத்தவனை அடிக்கத்தான் தைரியம்.

24, வெள்ளி

தூறல். வீங்கிய கையோடு தனியாக நிலைக்கட்டை அறுத்து முடித்தேன்.

4 மணிக்குப் பாண்டி. உளிப் பெட்டிக்காக. இடது காதில் பஞ்சு.

சொல்ல நினைத்தவை:
1. நீ சொன்னதுதான் சரி.
2. தண்ணீர் அடித்தது நான்.
3.

சொன்னது: "டீ சாப்டியா?"

பெட்டியைத் தூக்கியவன் மெஷினைப் பார்த்தான். கீழே வைத்துவிட்டுப் போய்ப் பொத்தானை அமுக்கினான். ஓடியது. அணைத்தான். பழக்கத்தில் இடது காதையே சாய்த்தான். வாள் வேகம் குறைந்துகொண்டே வந்தது. டிக்.

அவன் சாய்ந்தபடியே நின்றான். வாள் சுத்தமாக நின்ற பிறகும்.

"வந்துச்சாண்ணே?"