வயரைக் கழட்டிய பிறகும்

என் ஆசை மச்சான் தேவராசா,

எங்கள் ஒழுங்கைக்குக் கரண்ட் கம்பம் நட்ட வருசம் நீ போனாய். குளக்கட்டு திருத்தி முடிந்ததும், துணுக்காய்க்கு பஸ் மறுபடி ஓடத் தொடங்கியதும் அதே வருசந்தான். திகதி எனக்குத் தெரியாது, எழுத்தும் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு ரீச்சர் எழுதுகிறா.

சண்டைக் காலத்தில் எங்களுக்கு ஏது கரண்ட்? சைக்கிள் டைனமோவைச் சுற்றி நீதான் ரேடியோவைப் பாட வைத்தாய். பற்றரியில் உயிர் இருக்கிறதா என்று வயரை நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்லுவாய். "வயரைக் கழட்டினாச் சரி மச்சான், அது செத்த பாம்பு" என்று சிரிப்பாய். அந்தப் பற்றரிக்கு அது சரிதான்.

பிறகு வீட்டுக்குக் கரண்ட் வந்தது. வயலைச் சுற்றின கரண்ட் யானைவேலியின் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்ற நீ வாங்கிய பெட்டி ஒரு காலையில் புகைந்தது. வயரைக் கழட்டினாய், மூடியைத் திறந்தாய், கருகின சாமான் எதுவென்று விரலால் தடவினாய். ஒரு சத்தமும் இல்லாமல் அப்படியே சரிந்து போனாய். கழட்டின வயர் உன் மடியில் கிடந்ததால் எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உன் செத்தவீட்டுக்கு வந்த கரண்ட் வேலைக்காரர்தான் சொன்னார்: உள்ளே சின்ன டின் மாதிரி ஒரு சாமான் இருக்காம், வயரைக் கழட்டினாலும் அது கரண்டைப் பிடித்து வைத்திருக்குமாம். அதை உனக்கு ஆர் சொல்லித் தந்தது, மச்சான்?

இந்தக் காலபோகத்தில், நெல் கதிர் முற்றி நிற்கையில், வீட்டிலிருந்த புதுப் பெட்டியும் புகைந்தது. கருகின மணத்துக்கு நொண்டிக் காலை இழுத்துக்கொண்டு ஓடினேன். உன் மனிசி, என் தங்கச்சி பூமணி, திறந்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறாள்.

"எடடி கையை!"

"ஏன் கத்துறியள் அண்ணை? வயர் கழட்டிக் கிடக்கிறது கண் தெரியேல்லையே?"

"அவனும் கழட்டிப்போட்டுத்தானடி தொட்டவன்!"

அவள் கை அந்தரத்தில் நின்றது. பிறகு மெல்லப் பின்னுக்கு வந்தது.

"அப்ப இண்டைக்கு யானை வந்தா? இந்தக் காலோட நீங்களே போய் மறிப்பியள்?"

"ஓம், மறிக்கிறன்."

உள்ளே விரல் படாமல் மூடியை வைத்துக் கயிற்றால் கட்டிப் பரந்தனுக்கு பஸ் ஏறினேன். அங்கே பெட்டி திருத்துகிறவர் மீற்றரை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் உள்ளுக்கு நிக்குது ஐயா, தள்ளி நில்லுங்கோ" என்றார். அதை வடிய விட்டு, திரும்பவும் மீற்றரில் பார்த்த பிறகுதான் கை வைத்தார்.

"இதைத் திருத்தித் தரமாட்டன் ஐயா. உள்ளுக்கு முழுக்கக் கருகிப்போச்சு. திருப்பிக் கொழுவினா வீடு எரியும். புதுசு வவுனியாவில இருந்து வரவேணும்."

வெறுங்கையோடு வந்தேன். பொழுதுபட யானைகள் வந்தன. தகரத்தில் அடித்தேன், வெடி கொளுத்தினேன். ஒன்றுக்கும் அவை நிற்கவில்லை. விடிந்தபோது பாதி வயல் சேறு. பூமணி வரம்பில் நின்று பார்த்தாள்.

அதற்குப் பிறகு என்னோடு கதை பேச்சில்லை. சோற்றுக் கோப்பையைக் கதிரையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். ரீச்சரிடம் சொன்னாளாம், "நெல்லை யானைக்குத் தின்னக் குடுத்துப்போட்டு மனிசன் சும்மா இருக்கிறார்" என்று. கோபிக்கட்டும். கோபிக்க ஆள் இருக்கிறாளே, அது போதும்.

நான் இருக்குமட்டும் புகைந்த பெட்டி எதையும் அவளைத் திறக்க விடமாட்டேன். இது உனக்குத் தரும் வாக்கு. நான் இல்லாத நாளுக்கும் சேர்த்து, இதை அவளுக்கு வாசித்துக் காட்ட ரீச்சரிடம் சொல்லியிருக்கிறேன். கடைசிச் சண்டையில் ஷெல்லுக்குப் பதுங்க வெட்டின ஒரே கிடங்குக்குள் கிடந்தோமே, என் அம்மா, உன் தம்பி, உன் பிள்ளைகள் இரண்டும், நீ, நான், அவள். அதில் இன்று உயிரோடு இருப்பது நானும் அவளுந்தான். என் நெஞ்சும் இப்போது இழுக்கத் தொடங்கிவிட்டது. நானும் வந்துவிட்டால் மிச்சம் ஒருத்திதான், மச்சான். பூமணி.

அவளுடைய அண்ணன்,
உன் மச்சான்