போகி வண்டி ஏறாத நாரை

சிதம்பரம்,
காணும் பொங்கல், மத்தியானம்.

அன்புள்ள சத்யப்பிரியாவுக்கு,

உன் மாமன் மணவாளன் எழுதுவது. இங்கே நான் நலம், உன் அத்தை மங்கலம் என்னைவிட நலம், என் மொபெட்டுக்கு மட்டும் சளி பிடித்து நாலு நாளாக இருமிக்கொண்டு கிடக்கிறது. கனடாக் குளிரில் உன் மூக்கும் காதும் உதிர்ந்து விழாமல் அததன் இடத்தில் இருக்கின்றனவா என்று தெரிந்தால் எங்களுக்குச் சோறு இறங்கும். போன் இருக்கும்போது இதென்ன காகிதம் என்று நீ முகம் சுளிப்பது இங்கேயே தெரிகிறது. போனில் நான் வாயைத் திறந்தால் நீ "மாமா, ஒரு நிமிஷம் மாமா" என்று குறுக்கே விழுவாய், அத்தை போனைப் பிடுங்கிக்கொள்வாள், அப்புறம் இரண்டு பேருமாகச் சேர்ந்து எனக்குத் தீர்ப்பு எழுதிவிடுவீர்கள். காகிதத்தில் எவரும் குறுக்கே விழ முடியாது. ஆகவே கல்வெட்டில் வெட்டுகிற மாதிரி முதலிலேயே வெட்டிவிடுகிறேன், படித்துக்கொள்: உன் அறை காலி ஆகவில்லை. ஆகாது. நீ வைகாசிக்கு எடுத்த டிக்கெட்டைக் கிழித்து அங்கே பனியில் புதைத்தாலும் சரி, கனடாவிலிருந்து கப்பல் படை அனுப்பினாலும் சரி, நான் காலி செய்ய மாட்டேன்.

கோபப்படாமல் காரணத்தைக் கேள். நீ விமானம் ஏறினது மூன்று வருஷத்துக்கு முந்தின ஆவணியில். அதே மாசம்தான் சேத்தியாத்தோப்பு சர்க்கரை ஆலையில் முப்பத்தோரு வருஷம் ஃபிட்டராக இருந்த எனக்கும் மாலை போட்டு, சால்வை போர்த்தி, வீட்டுக்குப் போ என்று அனுப்பினார்கள். இரண்டும் ஒன்றாக வந்ததில் நம் வீடு ஒரே ராத்திரியில் ஆயிரங்கால் மண்டபம் அளவுக்குப் பெரிதாகிவிட்டது, அதில் நானும் அத்தையும் இரண்டு எறும்புகள் மாதிரி ஆளுக்கொரு தூண் பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தோம். உன் நாலு வயதில் அம்மா போய்ச் சேர்ந்தபின் நீ எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து உன் படிப்புக்காக டி.வி. சத்தத்தைக் குறைத்து வைத்தே பழக்கம் அல்லவா, நீ போய் நாலு மாசம் ஆகியும் அதைக் கூட்டவில்லை. மாடிப்படியில் மெல்ல நடப்போம். உன் அறைக் கதவைத் தாண்டும்போது மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்வோம். மார்கழியில் ஒருநாள் அந்தக் கதவுப் பக்கம் எனக்குத் தும்மல் வந்தது, அடக்கிக்கொண்டேன். அடக்கியபின், யாருக்குப் பரீட்சை என்று இந்த அடக்கம் என யோசித்தேன். அன்றைக்கே மொபெட்டை எடுத்துக்கொண்டு கிள்ளைப் பக்கம் போய்க் கடற்கரையில் நின்று மூன்று தும்மல் தும்மினேன் பார், இலங்கையில் தென்னை மரங்கள் சாய்ந்திருக்கும்.

அங்கேதான் செருப்புகளைக் கண்டேன். மழைக்காலம் முடிந்து கடல் கக்கியிருந்தது. உலகத்தில் தொலைந்த அத்தனை செருப்பும் கிள்ளையில் வந்து கூட்டம் போட்டிருந்தது, அதிலும் அதிசயம், வலது கால் செருப்புகளே ஜாஸ்தி, இடது கால் செருப்பெல்லாம் வேறு ஏதோ தேசத்துக்குக் குடியேறிவிட்டன போல. ஒரு மூட்டை கட்டிக்கொண்டு வந்தேன். அடுத்த வாரம் கடலூர் ஓல்டு டவுன் துறைமுகத்துக்குப் போய்க் கழித்துப் போட்ட வலை மிதவைகளும் ஒரு போட் இன்ஜினின் ஸ்பிரிங்கும் கொண்டுவந்தேன். அத்தை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ரிட்டயர் ஆனவுங்கல்லாம் காலையில வாக்கிங் போறாங்க, இவுரு குப்ப பொறுக்கப் போறாரு" என்று சுவரிடம் சொன்னாள். ஏன் பொறுக்கினேன் என்று எனக்கே தெரியாது, கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். போன வருஷம் நீ போனில், "என் ரூம்ல இருக்கறது எதுவும் வேணாம் மாமா, எல்லாத்தையும் பழைய இரும்புக் கடையில போட்டுடுங்க" என்று சொன்னாய், நினைவிருக்கிறதா? போடுகிறேன் என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய் உன் சைக்கிளின் ஹேண்டில்பாரைக் கழற்றினேன், கம்பி உடைந்த உன் கறுப்புக் குடையை எடுத்தேன், உன் புத்தகப் பை, ஜியாமெட்ரி பாக்ஸ், கொண்டை ஊசிகள் ஒரு டப்பா. நாலு மாசம் வெல்டிங் வைத்து, வலை நூலால் தைத்து, ஒரு நாரை செய்தேன். ஆறடி உயரம். ஹேண்டில்பார் கழுத்து, சைக்கிள் மணி தலை, ஜியாமெட்ரி பாக்ஸ் காம்பஸ் அலகு, புத்தகப் பைதான் வயிறு, உடம்பெல்லாம் செருப்பை வெட்டிய இறகு, ஒரு பக்கம் விரிந்த இறக்கை, இன்னொரு பக்கம் மடக்கிய குடை. இன்ஜின் ஸ்பிரிங்கில் ஒற்றைக் காலூன்றி நிற்கும், இன்னொரு கால் மடங்கி அதன்மேல் ஒட்டியிருக்கும். பிச்சாவரத்து நாரைகள் பார்த்தால் வெட்கப்பட்டு ஊரைக் காலி செய்துவிடும். ஆனால் எதிர்வீட்டுத் தட்சிணாமூர்த்தி என்ன சொன்னான் தெரியுமா, "மச்சான், குறிஞ்சிப்பாடியில என் தம்பி வீடு கட்றான், திருஷ்டி பொம்மைக்கு இத ஒரு மாசம் குடேன்" என்றான். உன் மூஞ்சியை மாட்டு, திருஷ்டி மட்டுமில்லை, கொத்தனாரும் ஓடிப்போவான் என்று சொல்லி அனுப்பினேன்.

ஆயுத பூஜைக்கு அத்தை வருஷா வருஷம் செய்கிற ஊர்வலம்தான் உனக்குத் தெரியுமே, கிரைண்டர், ஃப்ரிட்ஜ், மிக்ஸி, மொபெட், கேஸ் அடுப்பு என்று ஒன்றையும் விடாமல் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே போவாள். இந்தத் தடவை மாடிக்கும் வந்தாள். நாரையின் வயிற்றில்தான் என் ஸ்பேனர்களை வைத்திருக்கிறேன் என்று தெரிந்ததும் ஒரு முறைப்பு முறைத்துவிட்டு, ஆயுதம் இருக்கிற பாவத்துக்காக அதன் நெற்றியிலும் ஒரு பொட்டை அப்பிவிட்டுப் போனாள். இந்தப் பொட்டை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வரும்.

போன மாசம் மார்கழியில் நீ வீடியோவில் வந்து தீர்ப்பு வாசித்தது உனக்கே தெரியும். "ரெண்டு பேரும் தனியா இருக்கறத நெனச்சா எனக்குத் தூக்கம் வரல மாமா, மேல ஒரு ஆள் இருந்தா நிம்மதி" என்றாய். புரோக்கர் அருண்பாண்டியனிடம் நீயே பேசி ஒரு லெக்சரர் அம்மாவையும் பார்த்துவிட்டாய், தை பிறந்ததும் குடிவருகிறார்கள், அதற்குள் அறையில் துரும்பு இருக்கக் கூடாது, இருந்தால் வைகாசியில் வரமாட்டேன் என்றாய். மற்ற எதற்கும் அசையாத இந்த மகாமேரு அந்தக் கடைசி வார்த்தைக்கு ஆடிப்போய்விட்டது, இதை ஒத்துக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. சரி என்றேன்.

போகிக்குப் பழைய சாமானை எரிக்காதீர்கள், வண்டியில் கொடுங்கள் என்று நகராட்சி ஆட்டோவில் மைக் வைத்துச் சொல்லிக்கொண்டு போனார்கள். போகியன்று விடிந்ததும் மாடியிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி கேட்டுக்கு வெளியே அடுக்கினேன். செருப்பு மூட்டைகள், மிதவைகள், உன் பழைய மேசை, கடைசியாக நாரை. அதை இறக்குகையில் படியில் மணி இடித்து டிங் என்றது, கீழே அத்தை "யாரு" என்று கேட்டாள். வண்டி வந்தது. அதில் ரேகா என்று ஒரு பெண், நம் தெருவுக்கு நகராட்சி புதிதாகப் போட்ட துப்புரவுக்காரி, மூட்டைகளையெல்லாம் பஞ்சு மாதிரித் தூக்கிப் போட்டாள். நாரையிடம் வந்ததும் கையை எடுத்துக்கொண்டாள். "இத நாங்க தொட மாட்டோம் ஐயா, பொட்டு வெச்சுப் பூச போட்டுருக்கீங்க. நல்ல நாள்ல சாமியக் குப்பையில போட்ட பாவம் எங்களுக்கு எதுக்கு" என்றாள். அம்மா தாயே, இது சாமி இல்லை, செருப்பில் செய்த நாரை என்றேன். "செருப்புக்குப் பொட்டு வெச்சது யாரு?" என்று கேட்டாள் பார், தெருவே திரும்பி உன் அத்தையைப் பார்த்தது. செருப்பு மூட்டை வந்த நாளிலிருந்து என்னை வாங்கு வாங்கென்று வாங்கியவள் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் உள்ளுக்குள் வெற்றிச் சங்கு ஊதிக்கொண்டேன்.

ஆனால் ரேகா போகவில்லை. நாரையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "நாரைன்றீங்க, எனக்கு என்னமோ பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரி இருக்குது. கக்கத்துல கொடை வெச்சுக்கினு, பைய மாட்டிக்கினு, ஒத்தக் கால்ல நின்னு ரோட்டப் பாக்குது. வேன் வரலையாமா அதுக்கு?" என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன் சத்யா, நான் நாரைதான் செய்தேன். ஆனால் அவள் சொன்னபின் எனக்கு அது நாரையாகத் திரும்பவே இல்லை. அதே கேட்டில், அதே இடத்தில், வேனுக்கு நிற்கும்போதெல்லாம் ஒரு காலால் இன்னொரு காலின் கெண்டைச்சதையைத் தேய்த்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பாயே, ஷூ பாலிஷ் எல்லாம் வெள்ளை சாக்ஸில் ஏறும், பத்து வருஷமாகத் தினம் அதற்கு அர்ச்சனை வாங்குவாயே. அத்தை கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாரையையே பார்த்தாள். அப்புறம் அதனிடம், மெதுவாக, "அந்தக் கால கீழ வுடுடி, சாக்ஸ் அழுக்காவுது" என்றாள்.

அதற்குமேல் என்ன இருக்கிறது. "ஏங்க, நின்னுக்கினே இருக்கீங்க, தூக்குங்க, உள்ள கொண்டாங்க" என்று என்னையே அதட்டினாள். நானும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாடிக்கு ஏற்றினோம். ரேகா வண்டியில் ஏற்றின மூட்டைகளையும் இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். மறுநாள் பொங்கலன்று புரோக்கர் அந்த லெக்சரர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தபோது நான் பேசக்கூட வேண்டியிருக்கவில்லை, அத்தையே வாசலில் நின்று, "மன்னிச்சுக்குங்க, ரூம் காலி இல்ல, ஆள் இருக்கு" என்று சொல்லி, ஆளுக்கொரு தொன்னை பொங்கல் கொடுத்து அனுப்பினாள். எனக்கு எதிராக நீ திரட்டிய படையின் தளபதியே கட்சி மாறிவிட்டாள், இனி நீ யாரை வைத்துப் போர் செய்வாய்?

தனியாக இருக்கிறோம் என்று நீ கவலைப்படுவது எனக்குப் புரியாமல் இல்லை. அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ரேகா இன்று காலை நின்று, கைப்பிடி போன ஒரு குடையையும் தலையில்லாத ஒரு பொம்மையையும் கொடுத்து, "ஆவுமா பாருங்க" என்றாள். தட்சிணாமூர்த்தி நேற்று இரண்டு தடவை வந்து பார்த்தான், திருஷ்டி என்ற பேச்சையே எடுக்கவில்லை. அத்தை என்னடாவென்றால், கழுத்து கோணல், இறக்கை இறக்கம், உங்களுக்குக் கண்ணு இல்ல என்று நாள் முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்து நூல் கோக்கிறாள். டி.வி. சத்தம் இப்போது வைத்தீஸ்வரன் கோயில் வரை கேட்கிறது. நாங்கள் மாடியில் தும்முகிறோம், சண்டை போடுகிறோம், சுத்தியலால் தட்டுகிறோம். இதைவிட ஜாஸ்தி ஆள் வேண்டுமென்றால் நீதான் வர வேண்டும்.

வந்தால் உன் கட்டில் அப்படியே இருக்கிறது, நாரைக்குப் பக்கத்தில். காலையில் கண் விழித்ததும் அது உன்னைப் பார்க்கும், பயப்படாதே, நீயும் அதற்குப் பழக வேண்டும். குளிருக்குக் காதைக் கட்டிக்கொள், காபியை மட்டும் குடித்துக்கொண்டு காலம் ஓட்டாதே, கோபம் வந்தால் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு மூன்றாம் நாள் போன் செய். சகல செல்வமும் பெற்று நூறாண்டு வாழ வேண்டும் என்று நானும் அத்தையும் உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறோம், அத்தை கை மட்டும் கொஞ்சம் குட்டுகிற மாதிரி இருக்கும்.

ஒன்று மறக்காதே. நாரையின் அலகு காலியாக இருக்கிறது. மீன் வைக்கலாம் என்று நினைத்தேன், அத்தை வேண்டாம் என்றுவிட்டாள், அது உனக்கு ஒதுக்கிய இடமாம். நீ தினம் நடக்கிற தெருவில் கிடக்கிற ஏதாவது ஒன்று, சாவியோ, கையுறையோ, துருப்பிடித்த ஆணியோ, குனிந்து பொறுக்கிக்கொண்டு வா. கடையில் வாங்கி வந்தாயென்றால் கேட்டைத் திறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
கிள்ளைக் கடற்கரையின் வலது கால் செருப்புகள் அனைத்துக்கும் ஏக சக்கரவர்த்தி,
உன் அறையை விட்டுக்கொடுக்காத மாமன்,
மணவாளன்.