கூரைக்குக் கேட்ட ஆணி

பதுளை
22.11.1978

அன்பு மகன் ஸரூக்குக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் வாப்பாவும் நானும் இந்த மழைக்குள்ளும் சுகம். நீ சுகமா என்று கேட்கத்தான் பயமாக இருக்கிறது. கல்முனைப் பக்கம் புயல் வருகிறது, கடலோரத்தில் இருக்க வேண்டாம் என்று காலையிலிருந்து ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

நீ வேலை செய்யும் கடையில் துணி அடுக்குகிற றாக்கைக்கு என்று ஒரு பெட்டி அகலத் தலை ஆணி கேட்டிருந்தாயே, வாப்பா முப்பது வருஷமாக ஆணி விற்கிறவர் என்பது மறந்துபோச்சா மகன்? "றாக்கைக்கு எவன் இந்த ஆணி அடிப்பான், இது கூரைத் தகரத்துக்கு அடிக்கிறது" என்று உன் கடிதத்தை என் மடியில் போட்டார். நீ தங்கியிருப்பதோ ஓட்டு வீடு. அப்போ யார் வீட்டுத் தகரம்? பழைய கடிதங்களையும் எடுத்துப் பார்த்தேன். நெத்திலி வாடைக்கே மூக்கைப் பொத்துகிறவன், முதலாளி வீட்டு மீனாணம் சோற்றில் ஊற்ற நல்ல ருசி என்று மூன்று தரம் எழுதியிருக்கிறாய். முதலாளிக்கு மனைவி இல்லை, கடைச் சாப்பாடுதான் என்று எழுதியதும் நீதானே?

இன்று உன் கடிதங்களைக் கொண்டுவருகிற கல்முனை பஸ் டிரைவர் மாரிசாமியைக் கடைக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். "எனக்கென்னம்மா தெரியும், நான் பஸ் ஓட்டுறவன்" என்று மழுப்பினார். இரண்டாவது தேத்தண்ணிக்கு வாய் திறந்தது. "இனாயான்னு ஒரு பொண்ணுங்கம்மா, புருஷன் கடல்லயே செத்துப் போயிட்டாரு. அது அவங்க வாப்பா குடுத்த வீடு, விட்டுட்டு வரமாட்டேங்குது. நம்ம ஸரூக் தம்பி அந்தக் கூரையிலதான் நிக்கிது" என்றார். உன்னைவிட ஆறு வயது மூத்தவளாமே! அந்தப் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான், கலியாணம் முடிக்கிற மாப்பிள்ளைதான் அங்கே குடிபோக வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? கூரை அடிக்க ஆள் தேடினாளா, குடியிருக்க ஆள் தேடினாளா?

அந்தச் சண்டையை வந்தபிறகு வைத்துக்கொள்வோம். வாப்பா ஆணி அனுப்பவில்லை. கூரை போனால் போகட்டும், மாரிசாமி திரும்பும் பஸ்ஸிலேயே இரண்டு பேரும் ஏறுங்கள். நீ "சரி உம்மா" என்று சொல்லிவிட்டு அங்கேயே நிற்பாய் என்றும் சந்தேகமாக இருக்கிறது. அதனால் கடிதத்தை உன்னிடம் கொடுக்க வேண்டாம், அந்தப் பிள்ளை கையில் கொடுங்கள் என்று மாரிசாமியிடம் சொல்லி அனுப்புகிறேன்.

மகள் இனாயா, இதை முதலில் வாசிப்பது நீதான். இவன் மலையில் பிறந்தவன், நீந்தத் தெரியாது. உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான். நீ வீட்டை விட்டு இறங்கினால்தான் அவன் கூரையை விட்டு இறங்குவான். இரண்டு பேரையும் அல்லாஹ் காப்பாற்றட்டும். பஸ் மலையேறிப் பசறை வரும்போது குளிரும், தலையை நன்றாக மூடிக்கொண்டு வா. உன்னிடம் கேட்க எனக்கு நிறைய இருக்கிறது, முகத்தைப் பார்த்துத்தான் கேட்பேன்.

இப்படிக்கு,
ஸரூக்கின் உம்மா
ஸித்தி ஸுபைதா