டேவிட்டின் டிரம்ஸ்

2014 ஆகஸ்ட் 16, சனி

கோலாலம்பூரில் ஃபங்க் இசை வாசித்த எங்கள் பழைய பேண்ட், முப்பது வருடம் கழித்து, கடல் கடந்து நான் குடியேறிய பிளாக்ஹவுஸ் பேயில் என் வீட்டு கராஜில் புதுப் பாட்டு பதிவு செய்கிறது. பேஸ் கிட்டார் நான், டிரம்ஸ் டேவிட். இப்போது அவனுக்குக் கை நடுங்குகிறது. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. போன வாரம் அவன் கிளம்பியதும், அவன் வாசித்ததை அழித்துவிட்டு மெஷின் தாளத்தை வைத்தேன்.

இன்று மனைவியோடு வந்து பதிவைப் போட்டுக் கேட்டான்.

"பார்த்தியா மேரி, கை இன்னும் அப்படியே இருக்கு!"

மேரி கைதட்டினாள். அதோடு விட்டிருக்கலாம். எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து, "உன் பேஸ்தான்டா பின்னால இழுக்குது. வயசாயிருச்சு லா உனக்கு. மறுபடி வாசி" என்றான்.

"நீ கேட்டது உன் கை இல்லடா. மெஷின்" என்றேன்.

பாட்டை யாரும் நிறுத்தவில்லை. டேவிட் குச்சிகளை உறைக்குள் போடப் பார்த்தான். மூன்று முறை தவறியது. மேரி கை நீட்டினாள், தள்ளிவிட்டான். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

இப்போது ஹெட்போனில் திரும்பக் கேட்டேன். பேஸ் பின்னால்தான் இழுக்கிறது.