தௌபிக் கோப்பை நடந்த அன்று

ஜாஹித் கண்ணுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் தங்கச்சி மஹ்னூரும் இருக்கிறோம், அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. படிப்பு, ஃபுட்பால் என்று போன நீ கொல்கத்தா மீன் குழம்புக்குப் பழகி, காய்ச்சல் சளி இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கக் கடிதம் ஏன் என்று முழிக்காதே. ஊடு முழுக்க ஆள், நான் ஹலோ என்றாலே நாலு காது கிட்ட வருகிறது. அத்தா மௌத்தாகி அடக்கம் செய்து எழுபது நாள், நான் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா முடிய இன்னும் அறுபது நாள், அதுவரை வாசல் தாண்டக் கூடாதாம். அத்தாவைக் கட்டிக்கொள்ளக் காலேஜை ரெண்டாம் வருஷத்தோடு விட்டு ஓடிவந்தவள் நான், ஒரே அறையில் உட்காருவேனா? ஜன்னல் கம்பி பதினொன்று, தினமும் எண்ணுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து மைதானத்தில் அத்தா பேரில் தௌபிக் கோப்பை என்று ஃபுட்பால் போட்டி வைத்தார்கள். எனக்கு மைக் சத்தம் மட்டும்தான். காலேஜ் டீமில் அவர் அடித்த கோலில் ஆரம்பித்து, கார்ப்பரேஷனில் தண்ணீர் திறந்துவிடும் வேலைக்கு வந்து பதினெட்டு வருஷம் தெருத் தெருவாக ஓடியது வரை சொன்னார்கள். ஷிப்டு முடிந்து வரும் பையன்களுக்காக அவர்கள் லைனை மட்டும் கடைசியில் திறப்பாராம், அதைச் சொல்லி ஒரு ஹிந்திக்காரப் பையன் அழுதான், நானும் அழுதேன். கண்ணைத் துடைப்பதற்குள் உன் பெரியத்தா ஹிதாயத்துல்லா மைக்கைப் பிடித்து, தம்பி பையன் படிப்ப உட்டுப்போட்டு வர்றானுங்க, இனி உங்க தண்ணி அவன் கையிலதானுங்க என்றார். ஊரே கைதட்டியது. நீ போனில் சரி என்றாயாம். அழுகையில் சொன்ன சரி எனக்குத் தெரியாதா? ஓடிப்போய் மைக்கைப் பிடுங்க முடியுமா, ஜன்னல் கம்பியைத்தான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் நடந்ததைக் கேள். அத்தாவோடு வேலை பார்த்த பொன்னுச்சாமி அண்ணன், மரியாதை செய்கிறேன் என்று மற்ற லைனையெல்லாம் மூடிவிட்டு நம் தெருவுக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டார். முறைநாள் இல்லாமல் தண்ணீர் வந்தால் ஆட்டத்தை யார் பார்ப்பார்கள்? பெண்களெல்லாம் குடத்துக்கு ஓட, ஒரு கோல்கீப்பரும் பின்னாலேயே ஓடினானாம். அழுத்தம் தாங்காமல் மைதானத்து ஓரக் குழாய் பிய்த்துக்கொண்டது. உடனே போன் அடித்தது, என் போன் இல்லை, அத்தா போன். பொன்னுச்சாமி அண்ணன் பழக்கதோஷத்தில் அத்தா நம்பருக்கே அடித்துவிட்டு, நான் எடுத்ததும், ஏனுங்க, கிரவுண்டு கொளமாயிருச்சுங்க, எத மூடோணும்னே தெரீலீங்க என்று நடுங்கினார். மொதல்ல மேட்டுத் தெரு வால்வ நாலு சுத்து தொறங்க, அப்பறம் பள்ளிவாசல் முக்குல மூடுங்க என்றேன். பத்து நிமிஷத்தில் நின்றது. தெரியாமல் என்ன, அத்தா ரோட்டில் நிற்கும்போது தண்ணி எப்பங்க என்ற போனுக்கெல்லாம் பதில் சொன்னது நான், எந்தத் தெருவுக்கு என்று தண்ணீர் என்று குறிக்கும் முறை நோட்டும் என் கையெழுத்து. மைக்கில் அதை ஒருத்தரும் சொல்லவில்லை.

அதனால் நீ வராதே. வாரிசு வேலை மனைவிக்கும் உண்டு, பிளஸ் டூ போதும், விசாரித்துவிட்டேன். பொன்னுச்சாமி அண்ணன் விண்ணப்பம் வாங்கி மஹ்னூரிடம் கொடுத்தார், என் பேரை எழுதிவிட்டேன். பிள்ளைகள் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும், பதினெட்டு ஆகிவிட்டதால் மஹ்னூர் போட்டுவிட்டாள், உன்னுடையதுதான் பாக்கி. பொம்பள நடுரோட்டுல நின்னு வால்வு திருகறதா என்று பெரியத்தா கத்துவார், கத்தட்டும். நீ பாவம் பார்த்துத் திரும்பி வந்தால் உன் காலையும் கட்டிப்போட்டுக்கொண்டு, என்னையும் இந்த அறையிலேயே விட்டுவிடுவாய்.

முட்டியில் அடிபட்டால் ஐஸ் வை, வீராப்புக் காட்டாதே. அல்லாஹ் உன் காலுக்கு வலுவும் நெஞ்சுக்கு நிம்மதியும் தரட்டும். உள்ளே மடித்திருக்கும் தாளில் நீல மையில் கையெழுத்துப் போட்டு ஸ்பீடு போஸ்டில் அனுப்பு, மறக்காதே. நீ போட்டால் என் இத்தா அறுபது நாளில் முடியும். போடாவிட்டால் முடியாது.

உன் அம்மா,
குல்சார் பேகம்