லொறியின் இரண்டாவது இருக்கை

நவம்பர் 9, 2007, வெள்ளி

மழையும் பனியும் கலந்த சேறு. இரண்டு லொறிகளுக்கும் குளிர்கால டயர் மாட்டியாயிற்று. வருகிற வெள்ளி வீதி அதிகாரிகளின் சோதனை. பார்க்க வேண்டியவை: டயர் ஆழம், ஓட்ட நேரப் பதிவுகள், தீயணைப்பான் (சின்ன லொறியில் இருப்பது காலாவதி), என் முதுகு மாத்திரை.

நிறுவனம் தங்கையின் கணவன் தவத்துடையது. போக்குவரத்து அனுமதி என் பொறுப்பில். நோர்வேஜிய மொழியில் பரீட்சை எழுத அவனுக்கு வராது, காசு சேர்க்க எனக்கு வராது. என் பொறியியல் பட்டத்தை இந்த நாடு ஏற்கவில்லை. ஹோட்டலில் கோப்பை கழுவினேன். இப்போது பிழை நடந்தால் அவன் வியாபாரி, நான் குற்றவாளி. சொன்னால் சிரிக்கிறான்.

சாரதி குகனின் தாய் புதனன்று வன்னியில் இறந்துவிட்டார். போரால் பாதை பூட்டு, போக முடியாது. ஞாயிறு மரக்கறி ஏற்ற ரொட்டர்டாம் போவது குகனும் சிவாவும் சேர்ந்த இரண்டு பேர் ஓட்டம். தனி ஆள் என்றால் வழியில் நீண்ட ஓய்வு எடுக்கவேண்டும், சட்டம். மரக்கறி அதுவரை தாங்காது. குகனிடம் கேட்டேன்: போவாயா, இல்லாவிட்டால் ஓட்டத்தை நிறுத்தவேண்டும்.

"ஓம் அண்ணை, போறன்." நிலத்தைப் பார்த்துச் சொன்னான். ஓம் என்றால் ஓம்.

நவம்பர் 11, ஞாயிறு

வெயில். கடுங்குளிர். முதுகு வலி, லொறியை அனுப்ப நான் போகவில்லை. தவம் தொலைபேசியில்: "ரெண்டு பெடியளும் வெளிக்கிட்டாச்சு மச்சான், நீர் படும்."

தங்கை வீட்டில் விருந்தாம். எனக்கு அழைப்பில்லை. பின்னேரம் கீரை வாங்கப் போன இடத்தில் அறிந்தேன்.

நவம்பர் 14, புதன்

குகனின் தாயின் எட்டுச் செலவு, எட்டாம் நாள் சடங்கு. மகன் வீதியில் இருக்கையில் எங்கள் பக்கத்தில் ஒருவராவது முகம் காட்டவேண்டும். தவம் போகமாட்டான். ஹவுகன்ஸ்டுவாவில் குகனின் வீடு, ஐந்தாம் மாடி. வாசலில் சப்பாத்துக் குவியல்.

கதவைத் திறந்தது குகன். மொட்டைத் தலை, வேட்டி, திருநீறு.

உள்ளிருந்து ஒரு பெண் குரல்: "ஆர் தம்பி? உள்ளை விடு, குளிருது."

அவன் வெளியே வந்து கதவைச் சாத்தினான். "தாய்க்கு இளையவன்தான் செய்யவேணும் அண்ணை. நான்தான் கடைசி. பெரியண்ணை லண்டனிலையிருந்து வந்தும் அவர் செய்யேலாது."

"லொறியிலை ஆர்?"

"சிவா."

"சிவாவோடை?"

மொட்டைத் தலையைத் தடவினான். பிறகு: "என்ரை காட்டைக் குடுத்துவிட்டனான்."

காட் என்பது பெயரும் படமும் உள்ள சாரதி அட்டை. ஓட்ட நேரம் பதியும் பெட்டியில் இரண்டு துளைகள். இரண்டிலும் அட்டை இருந்தால் லொறியில் இரண்டு மனிதர் இருப்பதாக அது நம்பும்.

வந்த புதிதில் எல்லோரும் இதைத்தான் செய்தோம். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருவன் அவன் பெயரைச் சொல்லிப் போய்க் கழுவிவிட்டு வருவான். முதலாளிக்கு எல்லா முகமும் ஒன்று. உதவி என்றே அதற்குப் பெயர். கோப்பை நாற்பது தொன் எடை இல்லை.

படிக்கட்டில் நின்று சிவாவுக்குத் தொலைபேசி அடித்தேன்.

"எங்கை நிக்கிறாய்?"

"திரும்பி வாறன் அண்ணை, சுவீடனுக்குள்ளை, உத்தவல்லா தாண்டிட்டன். ஒரு பிரச்சினையுமில்லை."

"குகனைக் குடு."

"அவன் நித்திரை அண்ணை. இப்பதான் படுத்தவன்."

"எழுப்பாதை. அவன் எனக்குப் பக்கத்திலை நிக்கிறான்."

பின்னால் பாடிய வானொலி நின்றது. பிறகு: "அவன்ரை தாய் அண்ணை."

"நீ எப்ப படுத்தனி?"

"டென்மார்க்கிலை கொஞ்சம் கண் மூடினனான்."

இன்றைக்கா நேற்றைக்கா என்று கேட்டேன். யோசித்தான். அதற்கு யோசிக்க வேண்டியிருந்தது. அடுத்த தரிப்பிடத்தில் நிறுத்தச் சொன்னேன். நிறுத்தும்வரை போனை வைக்கவிடவில்லை.

தவத்தைக் கூப்பிட்டு, அவன் காரில் போனோம். எனக்கும் லொறி ஓட்ட உரிமையும் காட்டும் உண்டு. வழி முழுவதும் அவன் வாய் ஓயவில்லை. "கடைக்காரர் நிக்கினம். வெண்டிக்காய் உம்மடை சட்டத்தைப் பாத்து வாடாமல் இருக்குமோ?"

"உமக்கு முதலே தெரியுமோ?"

"பெடியன் தாய்க்குச் செய்யவேணும் எண்டான். உம்மட்டைக் கேக்கப் பயமாம். நான் என்ன செய்ய?"

பயமாம். கேட்டிருந்தால் ஓட்டத்தை நிறுத்தியிருப்பேன். அதற்குத்தான் பயந்திருப்பார்கள்.

சிவா லொறியின் படியில் கைகளைத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு இருந்தான். வலப்பக்கக் கண்ணாடி இல்லை. தாங்கியிருந்த கம்பி பின்னால் வளைந்திருந்தது. சரக்குப் பெட்டியின் பக்கவாட்டில் முன்னிருந்து பின்வரை ஒரு கீறல்.

"கண்ணாடி எங்கை?"

சுற்றி வந்து பார்த்தான். அப்போதுதான் முதன்முறை பார்க்கிறான்.

"தெரியேல்லை அண்ணை."

"எவ்விடத்திலை இடிச்சனி?"

"சத்தியமாத் தெரியேல்லை."

தவம் கீறலை விரலால் தேய்த்துப் பார்த்தான். 

குகனின் காட்டை எடுத்துவிட்டு என் காட்டைப் போட்டு மெதுவாக ஓட்டிவந்தேன், தவத்தின் கார் பின்னால். கண்ணாடி இல்லாமல் ஓட்டுவதும் குற்றம். எல்லைப் பாலம் வருமுன் சிவா வாய் பிளந்து நித்திரை.

நவம்பர் 15, வியாழன்

கண்ணாடி மாட்டியாயிற்று. கீறலுக்குப் பெயின்ற். புதுத் தீயணைப்பான் கிடைக்கவில்லை.

சிவாவின் மனைவி தொலைபேசியில்: "ஆள் இன்னும் எழும்பேல்லை. மூச்சு விடுறார், அவ்வளவுதான். அப்பிடி என்ன வேலையப்பா குடுத்தனீங்கள்?"

நான் கொடுக்கவில்லை என்பது வாய்வரை வந்தது. எழும்பினதும் சாப்பிட ஏதும் கொடுக்கச் சொல்லிவிட்டு வைத்தேன்.

நவம்பர் 16, வெள்ளி

வந்தது ஓர் இளம் பெண் அதிகாரி. மடிக்கணினி, கொதிநீர்ப் போத்தல். தவம் புதுச் சட்டையில் என் பக்கத்தில்.

புதன் ஓட்டத்தின் முடிவில் மூன்றாவது காட் ஏன் என்று கேட்டார்.

குகனின் தாய் இறந்துவிட்டார், அதனால் அவன் லொறியில் தொடர முடியவில்லை, அவன் இடத்தில் நான் போனேன் என்றேன். ஒவ்வொரு சொல்லும் உண்மைக்குப் பக்கத்தில். அவர் பேனையை வைத்துவிட்டு அனுதாபம் சொன்னார், குகனிடம் தெரிவிக்கும்படி. சிறிய நிறுவனங்களில் இரண்டு பேர் ஓட்டத்தை இவ்வளவு ஒழுங்காகச் செய்பவர்கள் குறைவு என்றார். குறை என்று எழுதியது தீயணைப்பான் ஒன்றைத்தான்.

உண்மையைச் சொல்லியிருந்தால் குகனுக்கும் சிவாவுக்கும் வேலை போகும், எனக்கு அனுமதி போகும். தவம் வேறு யாரையாவது பிடிப்பான்.

அவர் போனதும் தவம்: "பாத்தீரே! பெட்டியே நம்பிட்டுது. இனி இப்பிடியே ஓடலாம். ஒரு ஓட்டத்துக்கு ரெண்டு ஆள் எதுக்கு?"

"சிவா செத்தால்?"

"அவனுக்குப் பழகீட்டுது."

"வீதி அதிகாரிகளுக்கு எழுதிக் குடுப்பன்."

"என்னெண்டு? இண்டைக்குப் பொய் சொன்னனான் எண்டோ?" தோளில் தட்டினான், நண்பன்போல.

நவம்பர் 18, ஞாயிறு

எழுதுவது சுவீடனில், ஓய்விடத்தில். சிவா கோப்பி வாங்கப் போயிருக்கிறான்.

தவம் குகனுக்கு முப்பத்தோராம் நாள் சடங்கு முடியும்வரை லீவு கொடுத்திருக்கிறான். தாராளம். காட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டானாம். காலையில் லொறிகள் நிற்கும் இடத்துக்குப் போனேன். சிவாவின் சட்டைப்பையில் இரண்டு காட்.

"குகன்ரையைத் தா."

"தவம் அண்ணை ஏசுவார்."

"ஏசட்டும்."

தந்தான். படத்தில் குகனுக்கு அடர்ந்த தலைமயிர். இரண்டாவது துளையில் என் காட்டைப் போட்டேன். முதுகு மாத்திரை ஒன்றுக்குப் பதில் இரண்டு விழுங்கினேன். ஏறிக்கொண்டேன்.

தவத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். "சம்பளம் கேப்பீரோ மச்சான்?" சிரிப்பு. கூலி இல்லாத சாரதி கிடைத்துவிட்டான். அடுத்த ஞாயிறும் வரவேண்டும். அதற்கடுத்ததும். குகன் திரும்பிய பிறகு தவம் யாருடைய காட்டைப் பிடிப்பானோ.

எல்லை தாண்டியதும் சிவா கண்களைக் கசக்கினான். பிறகு: "அண்ணை, நீங்கள் குறட்டை விடுவியளோ?"

"உன்ரை ஓட்டத்தைப் பாத்துக்கொண்டு நித்திரை வருமோ?"

"அப்ப ஏதும் கதையுங்கோ. எனக்குக் கண் சொருகுது."

என்ன கதைப்பது. ஓய்வு நேரச் சட்டத்தை முதல் பிரிவிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.

"ஐயோ அண்ணை, அதைக் கேட்டால் முழுசா நித்திரையாப் போவன். ஆரையும் திட்டுங்கோ."

தவத்திலிருந்து தொடங்கினேன். கோத்தன்பேர்க் தாண்டியாயிற்று. இன்னும் அவன்தான்.