அந்த வெள்ளைப் புறா

மாமா,

உங்க ரத்த டெஸ்ட் ரிசல்ட் வாங்க ராஜபாளையம் போறேன். இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு. சாப்பிட்டுட்டுப் பூஞ்சை மாத்திரையப் போடுங்க.

மகாராஜபுரத்துச் சோணைமுத்து அண்ணன் வந்து உங்க புறாக்களப் பிடிச்சிட்டுப் போவாக. மாடிச் சாவி அவுக கையில. நீங்க ஏறிராதீக.

"வீட்ல புறா வளக்கீங்களா?"ன்னு டாக்டர் கேட்டப்போ இல்லைன்னு சாதிச்சீக. நான் உள்ளதச் சொன்ன பொறவுதான் நுரையீரல்ல பூஞ்சையத் தேடிக் கண்டுபிடிச்சாக. அதுக்கா எங்கூடப் பேச மாட்டேங்கீக?

நான் குடுத்த கிட்னிய உங்க ஒடம்பு ஒதுக்கிரக் கூடாதுன்னுதான எதிர்ப்புச் சக்தியவே மாத்திரை குடுத்துக் கொறச்சு வச்சிருக்காக? அந்த ஒடம்போட, பூஞ்சை மண்டுற புறா எச்சத்துல போயி நின்னீகளே!

செல்வலட்சுமி

இன்னொண்ணு. அந்த வெள்ளைப் பொட்டைப்புறாவக் கொஞ்சுற கொரல்ல என்னைய ஒருநாளாவது கூப்பிட்டதுண்டா? அவ இன்னைக்குப் போயிருவா. நான் சாயந்தரம் வந்துருவேன்.